வெள்ளையனின் வாளி

கல்யாணமான நாளிலிருந்து ஒரே அறையில் படுத்த புருஷனை, தலை நரைத்த பிறகு ஒரு மனைவி கட்டிலோடு பக்கத்து அறைக்கு அனுப்பினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

எதிர்வீட்டுத் தையல்காரரும் அதைத்தான் நினைத்தார். கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“என்ன வாத்தியாரே, இந்த வயசுல நாடு கடத்திட்டாங்க? அப்படி என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“நிலையில இடிக்காமத் தூக்குய்யா.”

“அம்மா வேற தன்னோட பழைய ரவிக்கையெல்லாம் பிடிச்சுத் தைக்கக் குடுத்திருக்காங்க. அழகுப் போட்டிக்குப் போறாங்களா?”

வாத்தியார் கட்டிலைச் சுவரோரம் தள்ளினார்.

ஊர்ப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்ததால் அவர் குதிரை வாத்தியார். அதையெல்லாம் மூடியாகிவிட்டது. கிழடாகிப்போன வெள்ளையனும் செவலையும் மட்டும் வீட்டுக்குப் பின்னால் ஒரே லாயத்தில் மிச்சம். ஒன்று தண்ணீர் குடிக்கப் போனால் மற்றது தாகமில்லாமலே கூடப் போகும்.

அந்த வாரம்தான் குதிரை டாக்டரம்மா வெள்ளையனின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

“இதயம் ஓஞ்சு போச்சு சார். மழைக்காலம் தாண்டாது. என் கவலையெல்லாம் செவலையைப் பத்திதான். ஜோடி போயிட்டா, தின்னாமக் கொள்ளாம அதுவும் பின்னாடியே போயிடும். இப்பவே கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் பழக்குங்க.”

அந்த வேலையை வாத்தியாரின் மனைவி எடுத்துக்கொண்டாள். முதலில் இரண்டுக்கும் நடுவே பலகை அடிக்கச் சொன்னாள். பிறகு வெள்ளையனைத் தோட்டத்துக் கடைசியில் இருந்த விறகுக் கொட்டகைக்கு மாற்றினாள். செவலைக்குத் துணையாக ஒரு கழுதை வந்து சேர்ந்தது.

வெள்ளையனுக்குப் பல் கிடையாது. ஊறவைத்த தவிட்டை வாளியில் அவளே சுமந்துகொண்டு போவாள்; பாதி வழியில் வாளியை இறக்கிவைத்து மூச்சு வாங்குவாள். “நான் தூக்கறேன்” என்று வாத்தியார் போனால், “அந்தப் பக்கம் வராதீங்க. உங்க குரல் கேட்டாலே ரெண்டும் கலவரமாயிடும்” என்று விரட்டுவாள்.

வீட்டுக்குள்ளும் அதே கெடுபிடிதான். அடுப்படிக்கு இப்போது அவர் பொறுப்பு.

“உப்பு எங்கே இருக்கு?”

“கேக்காதீங்க. தேடுங்க.”

“சொன்னா என்ன, வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

“உதிர்ந்துடும். தேடுங்க.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கொதிக்கிற காய்கறியில் அவர் சர்க்கரையை அள்ளிப் போட்டதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டு, தண்ணீர் குடித்து எழுந்தார்கள்.

படுத்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும். இவர் எழுந்து உட்கார்ந்தால் கட்டில் கிரீச்சிடும். உடனே குரல் வரும். “படுங்க.”

டாக்டரம்மா மறுபடி வந்தபோது, செவலையும் கழுதையும் ஒரே தொட்டியில் வாயை வைத்து மென்றுகொண்டிருந்தன.

“அட, பரவாயில்லையே! உடம்புகூடப் போட்டிருக்கு. இது பிழைச்சுக்கும்மா, கவலைப்படாதீங்க.” பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

“பாத்தீங்களா? பழகிடுச்சு!” என்று புருஷனிடம் சொன்னாள் மனைவி. அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

வாத்தியார் சிரிக்கவில்லை. விறகுக் கொட்டகைப் பக்கம் காக்கைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன. அவள் தடுக்கத் தடுக்க அங்கே போனார்.

கொட்டகைக்குப் பின்னால் தவிடு வாளி வாளியாகக் கொட்டிக் கிடந்தது. உள்ளே வெள்ளையன், லாயம் இருக்கிற திசைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் முடியே இல்லை. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது.

மெதுவாக வந்து சேர்ந்த மனைவி, கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“தின்னலைன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பின்னாடி கொட்டிட்டு வந்து, தின்னுச்சுன்னு சொன்னியா?”

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இது எப்படியும் போகப்போறது. இருக்கப்போறது நல்லா இருக்கணும்ல?”

வாத்தியார் கயிற்றை அவிழ்த்தார். வெள்ளையனை இழுக்க வேண்டியிருக்கவில்லை. பாதித் தோட்டம் தாண்டும்போதே செவலை கழுதையைத் தள்ளிவிட்டு வந்து கனைத்தது. தடுப்புப் பலகையை அவர் பிடுங்கி எறிந்ததும், இரண்டும் ஒன்றின் கழுத்தில் ஒன்று தலையைப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றன.

“எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!” மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்தாள் மனைவி. “நாளைக்கு இது போயிட்டா செவலை எப்படித் தாங்கும்?”

“தாங்கும். நானும் தாங்குவேன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “உப்பு எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன்டி. ஆஸ்பத்திரியில உனக்கும் கெடு வச்சுட்டாங்க, சரி. அதுவரைக்கும் நீ ஏன் தனியாப் படுக்கணும்?”

மறுநாள் காலை, தையல்காரர் மறுமுனையைப் பிடிக்க, கட்டில் பழைய அறைக்குத் திரும்பிப் போனது.