ரெஜினுக்கு ஒரு கணியம்

சிலுவை வைக்கக் கூடாது. கல் நடக் கூடாது. பெயர்ப்பலகை, மெழுகுதிரி, பிளாஸ்டிக் பூ, ஒன்றுமே கூடாது.

காட்டு வாசலில் எழுதிப் போட்டிருந்ததை மருமகள் பெபிஷா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, சகாயத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷனைப் புதைத்த இடத்தில் இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்றால் பிறகு என்னதான் உண்டு?

"மரந்தான் மாமா," என்றாள் பெபிஷா. "கீழ ஆளு மண்ணாவணும், மேல காடு வளரணும். அவ்வளவுதான்."

குளச்சல் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இங்கிலாந்தின் இந்தக் காட்டுக்கு வந்து சேர அவருக்குப் பதிமூன்று மாதம் ஆகிவிட்டது. மகன் ரெஜின் பனி உறைந்த ரோட்டில் கார் சறுக்கிச் செத்தபோது, அடக்கத்துக்கு வர விசா கிடைக்கவில்லை. முப்பத்திரண்டு வயது. முதியோர் இல்லத்தில் வேலை. லீவு கிடைத்தால் இந்தக் காட்டில்தான் நடப்பானாம். 'செத்தா என்னை இங்கேயே போட்டுரு' என்று அவன் விளையாட்டாகச் சொன்னதைப் பெபிஷா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரில் அவன் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. முட்டுவலியோடு அவளால் வர முடியாது. சகாயம் கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எம்புள்ள எந்த இடத்துல கெடக்கான்னு சரியாப் பாத்துட்டு வந்து சொல்லும்."

சரியாக என்றால் எப்படிச் சொல்வது? காட்டின் மேல் விளிம்பில், எல்லாம் ஒன்றுபோல் புல். பெபிஷாவே போனைப் பார்த்து இரண்டு தடவை இடம் மாறி நின்றாள். மூன்றாவது தடவைதான் இதுதான் என்றாள்.

"போன்ல புள்ளி இருக்கு மாமா. எப்ப வேணும்னாலும் பாக்கலாம்."

"போனும் சாவும் மக்களே," என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைக் கழற்றினார்.

பிப்ரவரிக் குளிர். பெபிஷா பதறிப்போய் வேண்டாம் என்றாள். மனுஷன் கேட்டால்தானே. ஈரப்புல்லில் வெறுங்காலை ஊன்றி நின்று நாலு பக்கமும் பார்த்தார். அப்பேர்ப்பட்ட அமைதி. இலை ஒன்றுகூட இல்லாத மரங்களுக்கு நடுவே கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. மேலே மரமே இல்லாத மேட்டுவெளி. மூர் என்கிறார்கள். பழுப்புப் புதராக வானம் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. காட்டுக்குள் மூச்சுமுட்டி நின்றவருக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

கல் நட விடாவிட்டால் போகட்டும். கடலில் எவன் கல் நட்டான்?

நடுக்கடலில், தண்ணீருக்கு அடியில் மீன் கூடுகிற பாறை இருக்கும். அதற்குப் 'பார்' என்று பேர். அதே பாரைத் திரும்பக் கண்டுபிடிக்கக் கரையைப் பார்க்க வேண்டும். ஒரு கோயில் கோபுரம், அதற்கு நேர் பின்னால் ஒரு மலை. இன்னொரு திசையில் இதே மாதிரி இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் நேர்கோட்டில் வந்தால் வள்ளம் பாருக்கு மேலே நிற்கிறது. அதுதான் கணியம். நாற்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டது அது.

மரங்களை அவர் சட்டை செய்யவில்லை. மரம் விழும். தூரத்தில் ஆரல்வாய்மொழியில் நிற்கிற மாதிரியே நாலு காற்றாலை சுற்றின. அதுவும் ஆகாது, கம்பெனிக்காரன் ஒருநாள் கழற்றிக்கொண்டு போய்விடுவான். பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயிலின் கூர்முனை தெரிந்தது. அதற்கு நேர் பின்னால், தொலைவு மலையில் ஒரு இடுக்கு. அரையடி இடப்பக்கம் நகர்ந்தார். முனை இடுக்குக்குள் போய் உட்கார்ந்தது.

ஒன்று ஆயிற்று.

அடுத்ததற்கு மேட்டைப் பார்த்தார். கற்சுவரின் மூலை ஒன்று. அதற்குப் பின்னால் உச்சியில் வெடித்த பாறை ஒன்று. பாறை உருண்டுவிட்டால்? செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார். பெபிஷா பின்னாலேயே ஓடினாள். எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. அறுபத்துநாலு வயது, நெஞ்சு படபடவென்று அடித்தது, ஆனாலும் நிற்கவில்லை. உச்சியில் பாறைமேல் இரண்டு கையையும் வைத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

இறங்கி வந்து, போனைப் பார்க்காமல், கண்ணை மேலேயும் கீழேயும் ஓட்டி, நேராகப் போய் ஓரிடத்தில் நின்றார். பெபிஷா போனை எடுத்துப் பார்த்தாள். புள்ளிமேல்தான் நின்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தூறல் விழ ஆரம்பித்தது.

"போலாமா மாமா?"

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு மக்களே. கடல் கணியத்த மகன்கிட்ட மட்டுந்தான் சொல்லணும். தம்பிக்கும் சொல்லப்பிடாது, பெஞ்சாதிக்கும் சொல்லப்பிடாது."

அவள் சுவரோரம் போய் நின்றாள்.

சகாயம் முட்டுக்குத்தி உட்கார்ந்தார். உள்ளங்கையைப் புல்லில் வைத்தார். "லேய் மக்கா," என்றார். "மொதல்ல பெரிய பார். முட்டம் லைட் ஹவுசு, அதுக்கு நேரே பின்னால வேளிமலை." ஒவ்வொரு பாராகச் சொல்லிக்கொண்டே போனார். மொத்தம் நாற்பத்தொன்று.

பதினைந்து வயதில் ரெஜின் அழுது அழுது கேட்டது இதைத்தான். சொல்லிக்கொடுத்தால் கடலுக்குப் போவான், கடலுக்குப் போனால் செத்துப்போவான் என்று அன்றைக்குச் சகாயம் வாயைத் திறக்கவில்லை.