மடிப்புத் துணி

"இருக்கறது முப்பது சீட்டு. உங்க பொண்ணு முப்பத்தொண்ணாவது. நான் என்ன செய்யட்டும்?" என்றார் பெரிய டீச்சர்.

டெய்லர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, ஊன்றுகோலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்துப் பண்ணுங்க டீச்சர். கூப்பிடு தூரத்துல வீடு."

"எல்லாருக்கும் கூப்பிடு தூரம்தான். வீடு கிட்ட இருக்கிற முப்பது பேருக்கு இடம். முப்பதாவது பிள்ளையோட வீடு உங்களைவிட ஒன்பது மீட்டர் கிட்ட இருக்கு."

"ஒன்பது மீட்டரா? தினம் அவ்வளவு துணி நான் தைக்கிற கடையில குப்பைக்கே போகுது டீச்சர்!"

பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. "ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் இருக்கே. அங்க இடம் நிறைய காலியா கிடக்கு."

"அதுக்குப் பாலம் ஏறணுமே! நாப்பத்திரண்டு படி ஏறி, நாப்பத்திரண்டு படி இறங்கணும். இவளால ஆகிற காரியமா? நான் எட்டு மணிக்கு மிஷின்ல உட்காரலேன்னா, முதலாளி வேற ஆளை உட்கார வெச்சிடுவார்."

பெரிய டீச்சர் அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பொண்ணைக் கூட்டிட்டு வர்றது, போறது எல்லாம் நீங்கதானா?"

"நான்தாங்க. சமதரைன்னா எவ்வளவு தூரமும் நடந்துடுவேன். படிதான் எனக்கு எமன்."

டெய்லர் டாக்டர் கொடுத்த கடிதத்தை எடுத்து நீட்டினார். பெரிய டீச்சர் அதைக் கையாலும் தொடவில்லை.

"இதுக்கெல்லாம் விதியில இடமில்லைங்க. உங்களுக்காக வரிசையை மாத்தினா, இன்னொரு பிள்ளை வெளியில நிக்கும். வெள்ளிக்கிழமை கடைசி லிஸ்ட் ஒட்டுவோம். யாராவது விலகினா, அடுத்து உங்க பொண்ணுதான்."

வெளியே வந்ததும் டெய்லர் வெடித்தார். "கிடைச்ச சீட்டை எவனாவது விடுவானா? போய்த் தொலைங்கன்னு சொல்றதையே எவ்வளவு அழகா சொல்லுது பார் இந்தம்மா!"

"மெல்லப் பேசுங்க. பார்த்தா நல்லவங்களாத்தான் தெரியுது."

"உனக்கு யாருதான் கெட்டவங்களா தெரிஞ்சாங்க?"

புதன்கிழமை மாலை பெரிய டீச்சரே கடைக்கு வந்தார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் ஐந்து வயது மகள்.

"பாப்பாவுக்கு ஒரு செட் யூனிஃபார்ம் தைக்கணும் மாஸ்டர். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

டெய்லர் பையிலிருந்து துணியை எடுத்தார். பச்சைக் கட்டம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியின் யூனிஃபார்ம். அவர் வருஷத்துக்கு ஐம்பது செட் தைக்கிறார், கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

"நம்ம ஸ்கூல்ல நீலம்தானே டீச்சர்?"

"ஆமா. பாப்பா அந்த ஸ்கூலுக்குப் போகப் போறா."

"நான் பாலத்துல ஏறிப் போவேனே!" என்று குதித்தது குழந்தை. "நாப்பத்திரண்டு படி! நானும் அம்மாவும் நேத்து ஏறி எண்ணினோம்."

டெய்லர் டேப்பை எடுத்துக் குழந்தையை அளந்தார்.

"பாவாடைக்குக் கீழே மட்டும் நாலு விரல் மடிப்பு விட்டுத் தைங்க மாஸ்டர்," என்றார் பெரிய டீச்சர். "வளர்ற பிள்ளை. அடுத்த வருஷம் இறக்கி விட்டுக்கலாம்."

அவர்கள் தெருமுனை தாண்டினார்களோ இல்லையோ, டெய்லர் பக்கத்து மிஷின்காரரைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா நியாயத்தை? இந்தம்மாவுக்கு ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளயே வீடு. பெத்த பொண்ணை மட்டும் பாலம் தாண்டி அனுப்புது. நடத்தற ஸ்கூல் மேல அதுக்கே நம்பிக்கை இல்ல. நாம அதுல ஒரு சீட்டுக்கு நாயா அலையறோம்!"

அடுத்த நாள் கடைக்கு வந்தவர்கள், அளவு கொடுத்தவர்கள், சும்மா பொத்தான் வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் அதே கதைதான். சொல்லச் சொல்ல அவருக்கு ஆத்திரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. பச்சைக் கட்டத் துணியை மேஜையில் விரித்தபோது, அந்த நாலு விரல் துணியை விடாமல், அளவோடு அளவாக ஒட்ட வெட்டினார். மிஞ்சியதைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் எறிந்தார். ஆறு மாதத்தில் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிடும். ஏறட்டும்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம், தைத்த உடுப்பைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். கேட்டில் லிஸ்ட் ஒட்டியிருந்தது. நம்பிக்கை இல்லாமல் கீழிருந்து படித்தார்.

முப்பது. விண்ணப்ப எண் எண்பத்தேழு.

சட்டைப்பையில் இருந்த ரசீதை எடுத்து இரண்டு முறை சரிபார்த்தார். எண்பத்தேழு, அவர் மகள்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. உடனே வீட்டுக்கு ஓடி மனைவியிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"பொண்ணுக்கு இடம் கிடைச்சிடுச்சா மாஸ்டர்?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"கிடைச்சிடுச்சுண்ணே! எந்த மகராசன் விட்டுக் குடுத்தானோ!"

"மேலே பாருங்க. சிவப்பு மையில அடிச்சிருக்கும்."

அண்ணாந்து பார்த்தார். பட்டியலின் முதல் வரியே அடிக்கப்பட்டிருந்தது. எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. 'தூரம்: 0 மீட்டர். பெற்றோர் விருப்பப்படி விலகல்.'

"அதெப்படிண்ணே பூஜ்யம் மீட்டர்? தப்பா அடிச்சிட்டாங்களா?"

"தப்பில்ல மாஸ்டர். ஸ்கூலுக்குள்ளயே குடியிருந்தா தூரம் பூஜ்யம்தானே?" என்ற வாட்ச்மேன் கையை நீட்டினார். "அது டீச்சர் பொண்ணோட உடுப்புத்தானே? குடுங்க, நான் குடுத்துடறேன்."

டெய்லர் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ண்ணே. இதைத் தப்பா வெட்டிட்டேன். வேற துணி எடுத்துத் தைச்சு, நானே கொண்டாந்து குடுக்கறேன்."