கோணல் தாடை

ஏணியின் உச்சிப்படியில் நின்று பூதத்துக்குத் தாடை பொருத்துகிறான் ஆரின். வீட்டு வாசலில் பேய் பொம்மை வைக்கும் ஹாலோவீன் திருநாளுக்கு இன்னும் நான்கே நாள். வீட்டு முன்புல்வெளியில் பதினாறடி உயரத்துக்கு நிற்கிறது பூதம். பிளாஸ்டிக் குழாய் எலும்பு, கோழிக்கூண்டுக் கம்பிவலைச் சதை, பசையில் ஊறிய செய்தித்தாள் தோல். மேப்பிள் மரத்தின் மிச்ச இலைகளில் மாலை வெயில் துருவேறிக் கிடக்கிறது. கீழே நாற்காலியில் அவன் மனைவி வெர்னா கம்பளிக்குள் சுருண்டிருக்கிறாள், முடி கொட்டிய தலையில் பச்சைக் குல்லா. இருபது வருடமாக இந்த வேலைக்கு அவள்தான் மேஸ்திரி. போன வருடம் தாடையை மூன்று தடவை பிய்க்க வைத்தாள். "பேயா இது? பல்வலிக்காரன் மாதிரி இருக்கான். கழட்டு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். இந்தத் தடவை ஆரின் வேண்டுமென்றே தாடையைக் கோணலாக வைத்துத் திருகுகிறான், தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரிகிற கோணல். "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, திரும்பாமல், அந்தத் திட்டுக்காகக் காத்திருக்கிறான். காற்று கம்பிவலைக்குள் புகுந்து முனகுகிறது. "நல்லாத்தான் இருக்கு." "சரியாப் பாத்துச் சொல்லு, வெர்னா." "பாத்துட்டுத்தான் சொல்றேன். போதும், இறங்கி வா. குளுருது." ஆரின் இறங்கவில்லை. கோணல் தாடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறான்.