தள்ளி நின்ற பட்டன்

ரத்த தானத்துக்கான ஒரு வெப்சைட்டில் 'ரத்தம் வேண்டும்' என்று ஒரு பட்டன் இருந்தது. மற்ற எல்லா பிரவுசரிலும் அது தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. ஒரு பெரிய கம்பெனியின் பிரவுசரில் மட்டும் பக்கத்துப் படத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது.

"அண்ணே, என்னை யாராலும் அழுத்த முடியல," என்றது பட்டன்.

"என்கிட்ட ஒரு குறையும் இல்லை. நீ தள்ளி நில்லு," என்றது பிரவுசர்.

ஊரில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் வெப்சைட்டின் டிசைனர் பூங்கோதை தனியாக நாலு வரி கட்டளை எழுதினாள்: இந்த பிரவுசர் என்றால் மட்டும் பட்டன் இடது பக்கம் தள்ளி நிற்க வேண்டும். பட்டனும் ஒரு வருஷம் அப்படியே நின்றது.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பிரவுசருக்கு அப்டேட் வந்தது. அதில் பழைய குறை சரியாகி, படம் தன் இடத்துக்குப் போய்விட்டது. தள்ளி நின்ற பட்டன் பாதி உடம்போடு திரைக்கு வெளியே தொங்கியது.

"என்னடா இது கோணல்? உனக்கு நேரா நிக்கவே தெரியாதா?" என்று கேட்டது பிரவுசர்.

பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நாலு வரியையும் அழித்தாள். பட்டன் பழைய இடத்துக்கு வந்து காலை ஊன்றிக்கொண்டது.

"நிக்கத் தெரியும்ணே. நீங்க ஆடாம இருங்க. ரத்தத்துக்கு ஆள் காத்திருக்கு."