கடைசி முடிச்சு

ஆவுடையப்பன் தினமும் விடிந்ததும் முற்றத்துக் கொடியில் காய்த்த பரங்கிக்காயைச் சுற்றி நூல் பிடிப்பார். சுற்று முடியும் இடத்தில் முடிச்சுப் போடுவார். கொடி சிறிதாக இருந்தபோது முடிச்சுக்கு முடிச்சு ஒரு விரற்கடை. அது முற்றத்தை நிறைத்து தலைவாசலை அடைத்தபிறகு நாலு விரற்கடை. "எலதான் காய்க்குச் சோறு" என்று, ஓர் இலையையும் மிதிக்க விடாமல் மனைவி செண்பகவடிவைப் புறவாசல் வழியாகவே நடக்கவைத்தார். நூலையும் தொடவிட்டதில்லை.

அவர் இறந்த அன்று, பாடையருகே நின்ற கொழுந்தன் தயங்கினான். "பொறவாசல் வழியா தூக்கிருவோமா மதினி? கொடிய மிதிச்சா அண்ணன் தாங்க மாட்டாக."

"பொறவாசல்ல நான் நடந்தது போதும். அவுக தலவாசல் வழியாத்தான் போகணும்."

அரிவாளை எடுத்து அவளே வெட்டினாள். பாடைக்கு வழி கிடைக்கப் பாதிக் கொடி போயிற்று.

மறுநாள் விடிந்ததும் நூல் பிடித்தாள். அவருடைய கடைசி முடிச்சைத் தாண்டி அரை விரற்கடை வந்தது. முடிச்சுப் போட்டாள். அதற்கடுத்த நாள் நூல் அந்த முடிச்சிலேயே நின்றது. இன்னொரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு அதன்மேலேயே இன்னொரு முடிச்சைப் போட்டு, பல்லால் இறுக்கினாள்.