பட்டுநூல் தையல்

என் பேரன் இன்சொப்புக்குச் சிறுநீர்த் துவாரம் பிறவியிலேயே இடம் மாறிக் கீழே இருந்தது. எங்கள் குலத்தின் மூத்த கிளைக்கு அவன்தான் வாரிசு. எங்கள் ஊரான ஆண்டோங்கில் இருக்கும் உறவினரிடம் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டு, தேகு நகரத்து மருத்துவமனையில் சேர்த்திருந்தோம்.

அறுவை முடிந்து டாக்டர் களைத்துப்போய் வெளியே வந்தார்.

"நல்லா முடிஞ்சுதுங்கய்யா. ஆனா இதுக்கு முன்னாடி யாரோ தைச்சது பிரிஞ்சிருக்கு. எங்க பண்ணீங்க?"

"இதுதான் முதல் தடவை. எங்க வீட்டுல பொய் சொல்ற வழக்கம் இல்ல."

"உள்ள பட்டுநூல் இருந்துச்சுங்க. அதுல இப்ப யாரும் தைக்கிறதில்ல. தழும்பும் ரொம்பப் பழசு."

பேரனுக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை.

மருமகள் மிஜினைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாம எங்கயாவது கூட்டிட்டுப் போனியா?"

"கடைக்குப் போகவே உங்ககிட்ட கேக்கணும். இதுல எங்க போறது மாமா?"

அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். மதியம் பேரன் கண் விழித்தான். செருகியிருந்த சிறுநீர்க் குழாயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"போன தடவை மாதிரி வலிக்கலடா," என்றான். "நீ ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிற? போய்ப் படு."

என் அப்பா போன பிறகு என்னை 'டா' என்று கூப்பிட ஊரில் ஆள் கிடையாது. கண்டிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கால்கள் எழுந்து நின்றுவிட்டன. இடுப்பு வளையக் குனிந்து, "சரிங்கய்யா" என்றேன்.