இடப்பக்கக் கோடு

நீச்சல் பயிற்சியாளரின் நெற்றியில் இருபுறமும் சென்சார் ஒட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளி எலும்பைக் கடந்து, மூளையின் ரத்த ஓட்டத்தைத் தொட்டுத் திரும்புகிறது. திரையில் இரண்டு கோடுகள். மூச்சை அடக்கினால் ரத்தக் குழாய்கள் விரிந்து இரண்டும் ஏற வேண்டும். போன வாரம் அவருடைய வலது கை அரை நாள் அசையவில்லை; அந்தக் கையை ஆள்வது மூளையின் இடப்பக்கம். இடப்பக்கக் கோடு ஏறாவிட்டால் நாளை அறுவைச் சிகிச்சை. இரண்டு முறை அளந்தது வீணாகிவிட்டது. அடக்கச் சொன்னதும் பழக்கதோஷத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துவிடுகிறார்; அதில் கோடுகள் குழம்பிவிடுகின்றன.

“நீங்க குளத்துல குதிக்கப் போறதில்ல சார். சாதாரணமா மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க. நான் முப்பது வரைக்கும் எண்ணுறேன்,” என்கிறாள் டெக்னீஷியன்.

“முப்பதா? என்கிட்ட படிக்கிற வாண்டுங்களே அறுபது தாங்கும்மா.”

“பேசாம படுங்க,” என்கிறாள் அவர் மனைவி.

டெக்னீஷியன் விளக்கை அணைக்கிறாள். திரையின் வெளிச்சம் மட்டும் மூவர் மேலும் விழுகிறது. இந்த முறை அவர் நெஞ்சு உப்பவில்லை. எண்ணிக்கை தொடங்குகிறது. பத்தில் வலப்பக்கக் கோடு ஏறுகிறது. இருபதிலும் இடப்பக்கக் கோடு படுத்தே கிடக்கிறது. மனைவி திரையைப் பார்க்கவில்லை. எண்ணுகிறவளின் உதடுகளைப் பார்க்கிறாள். இருபத்தாறில் அவை நின்றுவிடுகின்றன. இடப்பக்கக் கோடு மயிரிழை எழும்புகிறது, தயங்குகிறது, மறுபடி எழும்புகிறது. டெக்னீஷியன் திரையை நோக்கிக் குனிகிறாள். எண்ண மறந்துவிட்டாள். கட்டிலில் கால்விரல்கள் மடங்குகின்றன, முகம் கறுத்துவருகிறது.

“அவர மூச்சு விடச் சொல்லும்மா,” என்கிறாள் மனைவி.